தொலைபேசிக் கம்பியும் மந்தமான பிராட்பேண்டும்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி கணக்கு என்பதை அங்கத்தினர்கள் யாவரும் அறிவர். அக்கணக்கு காலத்தில் எழுதப்பட வேண்டும். காலத்தில் உரிய இடத்தைச் சென்றடையவும் வேண்டும். முன்னாளில் அதனைத் தபாலில் அனுப்பினோம். இன்று கம்பி வழியாகவோ, கண்ணாடி இழை வழியாகவோ, வானலை வழியாகவோ அனுப்புகிறோம். 2017-ம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி சரக்கு சேவை வரி அமுலுக்கு வந்தபின் விற்பனை விவரங்களை இணையத்தின் மூலமே தாக்கல் செய்ய வேண்டியதாயிற்று. 2022-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய அரசு ஒப்புக்கொண்டது. ஆகவே நெசவாளருக்கும் விவசாயிக்கும் இணையம் இனிப் பொழுதுபோக்குச் சாதனமன்று. தறியையும் ஏரையும் போல அதுவும் ஒரு தொழிற்கருவியே.

தறியில் நாடா ஓடவில்லையெனில் நெசவாளர் உடனே புதுத் தறி வாங்கப் புறப்படுவதில்லை. எங்கே தட்டுகிறது என்று முதலிற் பார்க்கிறார். வயலுக்கு நீர் வரவில்லையெனில் விவசாயி வரப்பில் நின்று வானத்தைப் பார்ப்பதில்லை. மண்வெட்டியுடன் வாய்க்கால் வழியே மதகு வரை நடக்கிறார். இணையம் மந்தமானால் மட்டும் நாம் இந்த நல்ல வழக்கத்தை மறந்துவிடுகிறோம். ஒன்று, அதிகக் கட்டணத் திட்டத்திற்கு மாறுகிறோம். அல்லது அனுப்பவேண்டியவர் மீது பழி சுமத்துகிறோம். இரண்டும் தவறு என்பதை நாம் கிண்டியில் கற்றுக்கொண்டோம். அவ்வனுபவத்தையும், அதிலிருந்து தெளிந்த பரிசோதனை முறையையும் அங்கத்தினர்களின் நன்மையை உத்தேசித்து இங்கு விவரிக்கின்றோம்.

கிண்டியில் நிகழ்ந்தது

2019-ம் ஆண்டு ஐப்பசி மாதம். நமது சரகத்தைச் சேர்ந்த கைத்தறி நெசவாளர் சங்கம் ஒன்றின் சரக்கிருப்புக் கணக்கை ஓர் அம்மையார் கிண்டியிலுள்ள தமது இல்லத்திலிருந்தே எழுதி வந்தார். படுக்கையிலிருக்கும் தாயாரை விட்டு அவர் வெளியே வர இயலாது. வீட்டில் தொலைபேசிக் கம்பி வழி வரும் பிராட்பேண்ட் இணைப்பு இருந்தது. அன்றாட விற்பனைக் கணக்கை இரவு எட்டு மணிக்குள் சங்கத்திற்கு அனுப்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

மழை தொடங்கியதும் கணக்குகள் இரண்டு நாள், மூன்று நாள் பிந்தி வரலாயின. வெளியூர் வியாபாரி ஒருவர் கேட்டிருந்த சேலைப் படங்கள் குறித்த நாளில் போய்ச் சேரவில்லை. அவர் தமக்கு வேண்டிய சரக்கை வேறிடத்திற் கொள்முதல் செய்துகொண்டார். தீபாவளியை நம்பி நெய்து வைத்த சேலைகள் அலமாரியிலேயே தங்கின. நெய்தவர்களுக்குச் சேரவேண்டிய தொகையும் தங்கிற்று.

நாம் நமது ஆய்வுக் குறிப்பில், "கணக்கு எழுதுபவரின் கவனக்குறைவு" என்று எழுதினோம். அதனை ஆதாரமாகக் கொண்டு நிர்வாகக் கமிட்டியினர் அவரை வேலையிலிருந்து நீக்க ஆலோசித்தனர். காரியதரிசி மட்டும், மாதக் கட்டணத்தைக் கூட்டி வேகமான திட்டத்திற்கு மாறிப் பார்க்கலாம் என்றார். அம்மையார் கமிட்டிக்கு எழுதிய பதிலில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன: "மழை பெய்தால் போவதில்லை. போன் மணி அடித்தால் அறுந்துவிடுகிறது." கமிட்டியினர் இதனைச் சாக்கு என்று கொண்டனர். நாமும் அவ்வாறே கொண்டோம்.

ஆயினும், சரக்கை நேரில் எண்ணாமல் இருப்புப் புத்தகத்தில் கையொப்பமிடுதல் கூடாது என்பது நம் தொழிலின் முதல் விதி. கம்பியைப் பாராமல் மட்டும் தீர்ப்புக் கூறுவது எவ்வாறு நியாயமாகும்? தொலைபேசி வேலையில் நீண்ட அனுபவம் பெற்று ஓய்விலிருக்கும் நண்பர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு ஒரு மாலை அவ்வில்லத்திற்குச் சென்றோம். அங்கு கண்டதைக் கூறுமுன், கம்பியின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்ளுதல் அவசியம்.

ஒரே கம்பியில் பேச்சும் செய்தியும்

நம் வீட்டிற்கு வரும் தொலைபேசிக் கம்பி, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு செப்பு இழைகளேயாம். நூலுக்கு முறுக்கு ஏன் வேண்டும் என்று நெசவாளருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. செப்பு இழைக்கும் முறுக்கு வேண்டும். முறுக்கிய இரட்டையில் பக்கத்துக் கம்பிகளின் இரைச்சல் குறைவாகவே ஏறும். இவ்வுண்மையைக் கண்டு 1881-ம் ஆண்டிலேயே அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்றார்.

மனிதர் பேச்சுக்குத் தொலைபேசி ஒதுக்கும் அதிர்வு ஏறத்தாழ 3.4 கிலோஹெர்ட்ஸ் வரையே. அதற்கு மேல் கம்பியில் பெரும் இடம் தரிசாகக் கிடந்தது. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஜோசப் லெக்லைடர் என்னும் பொறியியலாளர், இத்தரிசில் செய்தியைப் பயிரிடலாம் என்றும், வீட்டை நோக்கி வரும் திசைக்கு அதிக இடமும் வீட்டிலிருந்து செல்லும் திசைக்குக் குறைந்த இடமும் வகுக்கலாம் என்றும் எடுத்துக்காட்டினார். ஏ.டி.எஸ்.எல். என்னும் முறை இவ்வாறு பிறந்தது. அதன்படி 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி நாம் அனுப்பும் செய்திக்கு. 138 முதல் 1,104 வரையுள்ள பகுதி நமக்கு வரும் செய்திக்கு. பின்னர் வந்த ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் முறை 2,208 வரை இடத்தை விரித்தது.

இவ்விடம் முழுவதையும் ஒரே பாதையாக உபயோகிப்பதில்லை. முதலில் வந்த ஏ.டி.எஸ்.எல். முறையில், 1,104 வரையுள்ள இடத்தை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 256 சிறு பாதைகளாகப் பிரிக்கின்றனர். இதனைப் பாவில் நீட்டிய 256 இழைகள் எனக் கொள்ளலாம். மோடம் இயங்கத் தொடங்கும்போது ஒவ்வோர் இழையையும் இழுத்துப் பார்க்கிறது. உறுதியான இழையில் மிகுந்த செய்தியை ஏற்றுகிறது. நைந்த இழையிற் குறைவாக ஏற்றுகிறது. அறுந்த இழையை விட்டுவிடுகிறது. ஆகவே பழுதான கம்பியிலும் இணையம் முற்றிலும் நின்றுவிடாது, மந்தமாகும். பழுது நீண்ட காலம் மறைந்திருப்பதற்கும் இதுவே காரணம்.

நம் ஊரும் இத்துறைக்குப் புதிதன்று. 1958-ல் தொழிற்பேட்டை கண்ட கிண்டியில் 1960-ம் ஆண்டு இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனம் தோன்றி, கம்பி வழியே எழுத்தை அனுப்பும் இயந்திரங்களைச் செய்தது. 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியபோது, பேச்சுக்குரிய குறுகிய இடத்திலேயே செய்தியும் சென்றது. இணையம் ஓடும்போது தொலைபேசியில் பேச இயலாது. கிண்டிக்கு அடுத்துள்ள சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முதலியோரின் டெனெட் குழுவைச் சார்ந்து, பேச்சும் இணையமும் ஒரே கம்பியில் ஒருங்கே செல்லும் டயஸ் என்னும் முறை உருவாயிற்று. 2005-ம் ஆண்டு ஜனவரியில் பாரத் சஞ்சார் நிகம் நிறுவனம் ஏ.டி.எஸ்.எல். முறையில் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. பிராட்பேண்ட் எனப் பெயர் பெறுவதற்குரிய குறைந்த வேகம் 2004-ம் ஆண்டுக் கொள்கையில் வினாடிக்கு 256 கிலோபிட். 2013-ல் 512 கிலோபிட். 2023-ல் 2 மெகாபிட் என உயர்ந்தது.

கடைமடை நியாயம்

வாய்க்காலின் தலைமடைக்குக் கிடைக்கும் நீர் கடைமடைக்குக் கிடைப்பதில்லை. வழியிலேயே மண் குடிக்கிறது. கம்பியிலும் இதே நியாயந்தான். தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூடச் செய்தி நலிகிறது. அதிலும் உயர்ந்த அதிர்வுகளே முதலில் நலிகின்றன. ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் முறையில் 24 மெகாபிட் என்பது நிலையத்தின் வாசலிற் கிடைக்கும் வேகம். நல்ல கம்பியாயின் ஒன்றரைக் கிலோமீட்டரில் 15-க்கு மேல் எதிர்பார்க்கலாம். மூன்று கிலோமீட்டரில் 6 முதல் 8 வரை. ஐந்து கிலோமீட்டரில் ஒன்றோ இரண்டோ.

இங்கு தூரம் என்பது காக்கை பறக்கும் தூரமன்று. கம்பி தெருத் தெருவாகச் செல்லும். பில்லர் பெட்டியில் ஏறி இறங்கும். கிண்டியைப் போன்று இரயில் பாதையும், அடையாறும், குதிரைப்பந்தயத் திடலும், காடும் குறுக்கிடும் இடத்தில் அது சுற்றி வருதல் இயல்பே. ஆகவே, "நிலையம் கண்ணுக்குத் தெரிகிறதே, வேகம் ஏன் வரவில்லை?" என்று கேட்பதிற் பொருளில்லை.

படியும் ஆழாக்கும்

மற்றொரு மயக்கத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். திட்டத்தின் வேகத்தை நிறுவனங்கள் பிட் கணக்கிற் சொல்கின்றன. கணினியோ கோப்பின் அளவை பைட் கணக்கிற் காட்டுகிறது. எட்டு ஆழாக்கு கொண்டது ஒரு படி. அதுபோல எட்டு பிட் கொண்டது ஒரு பைட். 8 மெகாபிட் திட்டத்தில் வினாடிக்கு ஒரு மெகாபைட் இறங்கினால் அளவு சரியே. எட்டில் ஏழு பங்கு களவு போயிற்று என எண்ண வேண்டா.

மேலும், விளம்பரத்திற் காணும் எண் நமக்கு வரும் வேகம். நெசவாளருக்கு வேண்டியதோ அனுப்பும் வேகம். தலா 4 மெகாபைட் கொண்ட 20 சேலைப் படங்களை அனுப்புகிறோம் எனக் கொள்வோம். மொத்தம் 80 மெகாபைட். அதாவது 640 மெகாபிட். அனுப்பும் வேகம் அரை மெகாபிட்டாயின் 1,280 வினாடிகள், அஃதாவது இருபத்தொரு நிமிஷத்திற்கு மேல் ஆகும். இடையில் ஒரு முறை இணைப்பு அறுந்தாலும் பல சமயம் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். அதே படங்களைத் தலா 400 கிலோபைட்டாகச் சுருக்கினால் ஏறத்தாழ இரண்டே நிமிஷத்தில் முடியும். வியாபாரி முதலிற் பார்ப்பதற்கு அச்சுருக்கப் படமே போதும். செலவின்றிச் செய்யக்கூடிய முதற் சீர்திருத்தம் இதுவாகும்.

பரிசோதனை செய்யும் ஒழுங்கு

நிற்க. மந்தத்தின் காரணத்தைக் கண்டறிவதற்குரிய ஒழுங்கைக் கூறுவோம். உள்ளிருந்து வெளியே செல்லுதல், ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றுதல், ஒவ்வொன்றையும் எழுதி வைத்தல் ஆகிய மூன்றும் இதன் இலக்கணம்.

1. ஒரு தாளில் தேதி, மணி, வரும் வேகம், அனுப்பும் வேகம், வானிலை ஆகிய ஐந்து பத்திகள் வரைக. மூன்று நாட்கள் காலை, மாலை, இரவு அளந்து எழுதுக. காலையில் நன்றாக இருந்து இரவில் மட்டும் குறைந்தால், பலர் ஒரே சமயத்தில் உபயோகிப்பதால் நேரும் நெருக்கடியாகலாம். முறைப்பாசனமின்றி யாவரும் மதகைத் திறந்தால் நேர்வது போன்றது. எந்நேரமும் குறைந்திருந்தால் கம்பியையோ மோடத்தையோ சந்தேகிக்க வேண்டும். மாதக் கடைசியில் மட்டும் குறைந்தால், திட்டத்தின் அளவு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும்.

2. வைஃபையை நீக்கிக் கணினியை மோடத்துடன் கேபிளால் இணைத்து அளக்கவும். வேகம் சரியானால் வெளிக் கம்பியிற் குற்றமில்லை. மோடம் இரும்பு பீரோவின் பின்னாலோ, கனத்த சுவர்களுக்கு அப்பாலோ இருக்கக்கூடும். அதனை வீட்டின் நடுவில், மேசை உயரத்தில் வைத்தால் பெரும்பாலும் தீரும்.

3. வீட்டில் வேறு யார் உபயோகிக்கின்றனர் எனப் பார்க்கவும். கைபேசிகள் நாம் அறியாமலே புகைப்படங்களை மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். அனுப்பும் பாதை அடைபட்டால், வரும் செய்திக்கு நாம் தரவேண்டிய ஒப்புகைச் சீட்டும் தேங்கிவிடும். அதனால் வரும் வேகமும் குறையும்.

4. தொலைபேசிக் கைப்பிடியை எடுத்து ஓர் எண்ணை அழுத்தி, டயல் ஒலி நின்றதும் காது கொடுத்துக் கேட்கவும். கரகரப்போ, பொரியும் ஓசையோ கேட்டால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது நனைந்திருக்கிறது. பேச்சிற் கேட்கும் இரைச்சல் இணையத்தைக் கட்டாயம் கெடுக்கும்.

5. ஸ்பிளிட்டர் என்னும் சிறு பெட்டியைப் பார்க்கவும். பேச்சின் அதிர்வையும் செய்தியின் அதிர்வையும் பிரித்து வைப்பது அதுவே. லைன், போன், மோடம் என்னும் மூன்று துளைகளிலும் உரிய கம்பி செருகப்பட்டுள்ளதா? ஸ்பிளிட்டருக்கு முன்னதாகவே கிளை பிரிந்து வேறு அறைக்குச் செல்லும் தொலைபேசி ஏதேனும் உண்டா? பேக்ஸ் கருவியோ, அழைப்பவர் எண்ணைக் காட்டும் பெட்டியோ அக்கிளையில் உண்டா? உண்டெனில் அவை ஒவ்வொன்றுக்கும் தனி வடிகட்டி தேவை.

6. எல்லாத் தொலைபேசிகளையும் கழற்றிவிட்டு, தெருக் கம்பி வீட்டினுள் நுழைந்தவுடன் உள்ள முதல் ரோசெட்டில் மோடத்தை நேரே இணைத்து அளக்கவும். வேகம் உயர்ந்தால் குற்றம் வீட்டினுள். உயராவிடில் குற்றம் வெளியே. உபயோகமற்றுத் தொங்கும் கிளைக் கம்பியும் கெடுதலே. செய்தி அதன் முனை வரை சென்று எதிரொலி போலத் திரும்பிவந்து மூலச் செய்தியைக் குழப்பும்.

7. மின் இரைச்சலைத் தேடவும். தரக்குறைவான விளக்கு, மின்விசிறி ரெகுலேட்டர், இன்வெர்ட்டர், விசைத்தறி மோட்டார் ஆகியவை இரைச்சலை உண்டாக்கலாம். மத்திய அலை வானொலிப் பெட்டி இருந்தால், நிலையமில்லாத இடத்தில் அதனை வைத்து மோடத்தருகிலும் கம்பி வழியிலும் கொண்டுசெல்க. எங்கே சீற்றம் மிகுகிறதோ அங்கே குற்றவாளி உண்டு. வானொலி நிலையமும் இதற்கு விலக்கன்று. நெடுங்காலம் சென்னை வானொலி ஒலிபரப்பி வந்த 720 கிலோஹெர்ட்ஸ், நாம் முன் சொன்ன பாவில் 167-ம் இழையின் இடமாகும். முறுக்குக் குலைந்த கம்பி வானொலிக்கு ஏரியலாகிவிடும். முறுக்கு ஒழுங்காயிருப்பின் பாதிப்புக் குறைவு.

இடி மின்னல் வேளையில் இவற்றுள் எதனையும் செய்தல் கூடாது. தொலைபேசிக் கம்பியில் எப்பொழுதும் ஏறத்தாழ 48 வோல்ட் உண்டு; மணி அடிக்கும்போது அதனினும் மிகும். நிறுவனத்தின் பில்லர் பெட்டியைத் திறப்பது அங்கத்தினர் வேலையன்று.

மோடம் கூறும் மூன்று எண்கள்

பெரும்பாலான மோடங்களில், கணினியில் 192.168.1.1 என்னும் முகவரியைத் திறந்தால் கம்பியின் நிலை எழுதப்பட்டிருக்கும். மூன்று எண்களை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

முதலாவது, இணைப்பு வேகம். மோடமும் நிலையமும் தமக்குள் ஒப்புக்கொண்ட வேகம் இது. நாம் அளக்கும் வேகம் இதனைவிடச் சற்றுக் குறைந்தே இருக்கும். இணைப்பு வேகம் உயர்ந்தும் அளந்த வேகம் மிகத் தாழ்ந்தும் இருப்பின், குற்றம் கம்பியில் இல்லை. வீட்டு உபயோகத்திலோ நிலையத்திற்கு அப்பாலோ உள்ளது.

இரண்டாவது, நலிவு. டெசிபெல் கணக்கில் இருக்கும் இது கூடினால் தூரம் கூடியது என்று பொருள். 30-க்குக் கீழ் மிக நன்று. 40 வரை நன்று. 50-ஐத் தாண்டினால் குறைந்த வேகமே கிடைக்கும். 60-ஐத் தாண்டினால் இணைப்பு நிற்பதே அரிது. ஏறத்தாழ 14 டெசிபெல்லுக்கு ஒரு கிலோமீட்டர் எனத் தோராயமாகக் கொள்ளலாம்.

மூன்றாவது, இரைச்சலுக்கு மேலுள்ள மிச்சம். சந்தை இரைச்சலில் நம் குரல் எவ்வளவு மேலோங்கிக் கேட்கிறது என்பதைப் போன்றது இது. 6 டெசிபெல்லுக்குக் குறைந்தால் இணைப்பு அடிக்கடி அறும். 10-க்கு மேலிருந்தால் கவலையில்லை. நேரத்திற்கு நேரம் இவ்வெண் ஏறி இறங்கினால், தளர்ந்த இணைப்பையோ மின் இரைச்சலையோ தேடவேண்டும்.

கம்பி கொடுத்த சாட்சியம்

இனிக் கிண்டி இல்லத்திற்குத் திரும்புவோம். அவ்வீட்டின் திட்டம் 8 மெகாபிட். நாம் சென்றபோது இணைப்பு வேகம் 1.3 மெகாபிட், நலிவு 51, மிச்சம் 3. கேபிளில் இணைத்தும் மாற்றமில்லை. ஆகவே வைஃபை குற்றமற்றது. கைப்பிடியில் கரகரப்புக் கேட்டது. நம் கைபேசியிலிருந்து அவ்வீட்டு எண்ணை அழைத்தோம். முதல் மணி ஒலித்ததும் மோடத்தின் விளக்கு அணைந்தது. "போன் மணி அடித்தால் அறுந்துவிடுகிறது" என்ற வாக்கியம் எழுத்துக்கு எழுத்து மெய்யாயிற்று.

நண்பர் சுவரோரமாகக் கம்பியைத் தொடர்ந்தார். ஸ்பிளிட்டருக்கு முன்னிருந்தே ஒரு கிளை பிரிந்து பின்னறைக்குச் சென்றது. அங்கே, படுக்கையிலிருந்த மூதாட்டியின் கைக்கெட்டும் தூரத்தில், வடிகட்டியின்றி ஒரு பழைய தொலைபேசி. மகள் சமையலறையிலிருக்கும்போது உறவினர் அழைத்தால் தாமே எடுத்துப் பேசவேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டது. அதனைக் கழற்றி, மோடத்தை முதல் ரோசெட்டில் இணைத்ததும் வேகம் 3.6 ஆயிற்று. மணி அடித்தாலும் அறவில்லை. ஆனால் கரகரப்பு நிற்கவில்லை.

வெளியே சென்று பார்த்தோம். சன்னல் மேடையின் அடியில், மழைநீர் சொட்டுமிடத்தில், டிராப் வயரில் ஓர் ஒட்டு. வெறுங்கையால் முறுக்கித் துணிநாடா சுற்றியிருந்தது. நாடா அவிழ்ந்து, செம்பு பச்சை பூத்திருந்தது. மழை பெய்தால் நீர் இறங்கும், வெயில் வந்தால் காயும், மறுபடி நனையும். "மழை பெய்தால் போவதில்லை" என்ற வாக்கியமும் மெய்யே. இரண்டு வாக்கியங்களில் இரண்டு பழுதுகளையும் அவர் சரியாக எழுதியிருந்தார். படிக்கத் தவறியவர்கள் நாமே.

எந்த நிறுவனத்தின் இணைப்பு என்பதும், அவ்வொட்டை எவர் போட்டார் என்பதும் இங்கு முக்கியமன்று. புகார் பதிவு செய்யப்பட்டது. மூன்றாம் நாள் லைன்மேன் வந்து, பச்சை பூத்த பகுதியை வெட்டி நீக்கி, நீர் புகாத இணைப்பான் கொண்டு புதிதாக ஒட்டினார். பின்னறைத் தொலைபேசிக்குச் சொற்ப விலையுள்ள வடிகட்டி ஒன்று வாங்கி வைத்தோம். மூதாட்டியின் பேச்சு தடைபடவில்லை. வேகம் 6.3 மெகாபிட்டில் நிலைத்தது. நலிவு 42, மிச்சம் 8, அனுப்பும் வேகம் முக்கால் மெகாபிட்டுக்குச் சற்று மேல்.

இப்பொழுது 42-ஐ 14-ஆல் வகுத்துப் பாருங்கள். கம்பியின் தூரம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். அத்தூரத்திற்கு 6.3 என்பது கிடைக்கத்தக்க வேகமே. காரியதரிசி கூறியபடி கூடுதல் கட்டணத் திட்டத்திற்கு மாறியிருந்தால், பழுது நீங்குமுன் 1.3-ம், நீங்கியபின் 6.3-மே வந்திருக்கும். சங்கத்தின் பணம் மாதந்தோறும் வீணாயிருக்கும். மதகை எவ்வளவு பெரிதாக்கினாலும், வாய்க்கால் உடைந்திருப்பின் வயலுக்கு நீர் வராது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இவ்விவரங்களை எண்களுடன் படித்தோம். நீக்க வேண்டும் என்ற யோசனை கைவிடப்பட்டது. நமது ஆய்வுக் குறிப்பிலிருந்த "கவனக்குறைவு" என்ற சொல்லை அடித்து, தேதியிட்டு, அதனருகில் காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டோம். போன வியாபாரி திரும்பி வரவில்லை. அவ்வாண்டுத் தீபாவளியும் திரும்பி வரவில்லை. சேலைகள் பொங்கலுக்குத்தான் விற்றன.

புகார் செய்யும் முறை

"இணையம் மெதுவாக இருக்கிறது" என்று மட்டும் புகார் கூறினால், "மோடத்தை அணைத்துப் போடுங்கள்" என்ற பதிலே கிடைக்கும். அதற்குப் பதிலாக, "முதல் ரோசெட்டில் கேபிளால் இணைத்து அளந்தோம், இணைப்பு வேகம் இவ்வளவு, மிச்சம் இவ்வளவு, கைப்பிடியில் கரகரப்பு, மழையில் மிகுகிறது" என்று எழுதினால், வருபவர் எங்கே பார்க்கவேண்டும் என்பதை அறிந்தே வருவார். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தீராவிடில், 2012-ம் ஆண்டுத் தொலைத்தொடர்பு நுகர்வோர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி அந்நிறுவனத்திற்குள்ளேயே அமைந்த மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். புகார் எண் இல்லாத மேல்முறையீடு, ரசீது இல்லாத பற்றுச் செலவைப் போன்றது.

கண்ணாடி இழை வந்தபின்

செப்புக் கம்பி இணைப்புகள் இன்று குறைந்து வருகின்றன. கண்ணாடி இழை பல தெருக்களுக்கு வந்துவிட்டது. அவ்விழையில் ஒளி செல்வதால் மின் இரைச்சலும் வானொலியும் அதனைத் தீண்டா; மூன்று கிலோமீட்டரும் அதற்கு ஒரு தூரமன்று. நம் தெருவில் அது கிடைக்குமாயின் மாறிக்கொள்வதே உசிதம். ஆயினும் அதற்கும் நோயுண்டு. கூர்மையாக மடங்கினால் ஒளி கசியும். முனையில் தூசி படிந்தால் மங்கும். மேலும் வைஃபையின் குறை, கைபேசிகளின் மறைமுக உபயோகம், பெரிய படங்களை அப்படியே அனுப்பும் வழக்கம் ஆகியவை இழை மாறினாலும் மாறுவதில்லை. உள்ளிருந்து வெளியே, ஒன்றன்பின் ஒன்றாக, எழுதிவைத்துப் பார்த்தல் என்னும் ஒழுங்கு எக்கம்பிக்கும் பொருந்தும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். கணக்கு பிந்தும்போது காரணம் கேளுங்கள். கூறிய காரணத்தைச் சோதித்தும் பாருங்கள். ஒவ்வொரு சங்கத்திலும் மேற்கூறிய ஏழு பரிசோதனைகளையும் செய்யத் தெரிந்த இளைஞர் ஒருவரேனும் இருத்தல் நலம். ஒரு கேபிள், ஒரு ஸ்பிளிட்டர், இரண்டு வடிகட்டிகள் ஆகியவற்றைச் சங்கத்தின் அலமாரியில் வைத்து, தேவைப்படும் அங்கத்தினருக்கு இரவல் கொடுக்கலாம். பத்து வீடுகள் தனித்தனியே வாங்குவதை ஒன்று கூடி வாங்கிப் பயனடைவதுதானே கூட்டுறவு? இம்மாதம் மழை தொடங்குமுன் உங்கள் சன்னலுக்கு வெளியே தொங்கும் கம்பியை ஒரு முறை நேரிற் பாருங்கள். அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.